புளிசாதம் வாங்கிய பட்டாளத்துக்காரன்

1971, ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த சமயம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. வங்காளப் பக்கம் சண்டை வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பட்டாளத்தை ஏற்றிய ரயில்கள் எங்கள் ஸ்டேஷன் வழியாக வடக்கே போய்க்கொண்டிருந்தன. மெயிலுக்கு வழிவிட அவை நின்றால், எங்கள் தெருப் பெண்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு ஓடுவோம். யாரும் சொல்லி ஆரம்பித்த வழக்கமில்லை. ஒரு வீட்டில் புளிசாதம், ஒரு வீட்டில் இட்லி, எது இருக்கிறதோ அதுதான். எங்களுக்கு இந்தி தெரியாது. நீட்டினால் வாங்கிக்கொண்டு கும்பிடுவார்கள்.

இதில் முதல் ஆளாக நிற்பது என் அம்மா! எனக்கு அதுதான் அதிசயம். பட்டாளம் என்ற பேச்சே எங்கள் வீட்டில் ஆகாது. அம்மாவின் ஒரே தம்பி சீனச் சண்டைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. என் அண்ணன் பட்டாளத்தில் சேரப்போவதாக ஒருமுறை வாய் திறந்தபோது, கிணற்றில் விழுந்துவிடுவேன் என்று அம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. பிறகு அவன் பம்பாயில் ஒரு துணி மில்லில் சேர்ந்துவிட்டான். இரண்டு வருஷமாக வரவே இல்லை. லீவு கிடைக்கவில்லை என்று கடிதம் மட்டும் வரும்.

அன்று காலையில் வண்டி வந்து நின்றது. அம்மா ஒரு பெட்டியில் கொடுத்துக்கொண்டிருந்தாள், நான் அடுத்த பெட்டிக்குப் போனேன். ஒரு ஜன்னலுக்குள் பொட்டலத்தை நீட்டிவிட்டு நிமிர்ந்தால், பட்டாள உடுப்பும் ஒட்ட வெட்டிய தலையும் பெரிய மீசையுமாக என் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் காது அடைத்துவிட்டது. பம்பாயில் தறி ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியவன் சண்டைக்குப் போகிற ரயிலில் இருக்கிறான்! மில், லீவு எல்லாமே அவன் கட்டிய கதை என்பது அப்போதுதான் உறைத்தது. அவன் முகத்திலும் ஈயாடவில்லை.

"அம்மா வந்துக்குதா?" என்றான். அடுத்த பெட்டிப் பக்கம் கண்ணைக் காட்டினேன். "சொல்லிடாத பாப்பா. அது அழுவறத பாத்துட்டு என்னால போவ முடியாது."

அவன் எழுந்து உள்ளே ஒளியலாம் என்றால் பெட்டியில் நகர இடமில்லை. நான் என்ன செய்வேன்? கூப்பிட்டால் அம்மா அங்கேயே மயங்கி விழுவாள். கூப்பிடாமல் விட்டு, இவனும் மாமாவைப் போல வராமலே போய்விட்டால்? பெற்றவள் கடைசியாக ஒருமுறை பார்க்காமல் போனதற்கு நான் அல்லவா காரணமாகிவிடுவேன்?

அதற்குள் அம்மாவே கூடையோடு என் பக்கத்தில் வந்துவிட்டாள். அண்ணன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். அம்மா அவன் கையிலும் ஒரு பொட்டலத்தை வைத்தாள். "சாப்டு நைனா. பத்திரமா போய்ட்டு வா," என்றாள். வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் அவள் சொன்னது அதைத்தான். அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வண்டியும் கிளம்பியது. நல்லவேளை, அடையாளம் தெரியவில்லை என்று மூச்சுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மா கூடையைக் கழுவிக் கவிழ்த்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். எனக்கு முதுகைக் காட்டியபடியே, "மீச அவனுக்கு நல்லாவே இல்ல," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெரிந்துமா ஒரு வார்த்தை பேசாமல் வந்தாய், நீ ஒரு தாயா என்று கத்தியே விட்டேன். அம்மா திரும்பவில்லை.

"அவன் தலைய குனிஞ்சிக்கினு இருந்தான், பாத்தல்ல? நான் பாக்கக் கூடாதுன்னு நெனைச்சிக்கினு இருக்கான். நான் அழுதிருந்தா அவன் இன்னா பண்ணுவான்? என் அழுவற மூஞ்சிய நெனைச்சிக்கினா அங்க போய் நிக்கணும்?"

அதன் பிறகுதான் அழுதாள். அடுப்படியிலேயே சரிந்து உட்கார்ந்து அவள் அழுத அழுகையைப் பார்த்து எனக்குப் பயமே வந்துவிட்டது.

சண்டை முடிகிறவரை டீக்கடை ரேடியோதான் எங்களுக்குத் தெய்வம். மறு வருஷம் அண்ணன் வந்தான். சாதாரணச் சட்டை, கையில் பம்பாய் அல்வா, மில்லில் லீவு கொடுத்தார்களாம்! மில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மாவும் விசாரிக்கிறாள். இருவரையும் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. பின்னால் ஒரு நாள் அவன் உண்மையை ஒப்புக்கொண்டபோது, புதிதாகக் கேட்பவள் போல நாலு திட்டுத் திட்டி முடித்தாள். தனக்கு அன்றைக்கே தெரியும் என்பதைச் சாகும்வரை அவனிடம் சொல்லவில்லை.

அவள் காரியம் முடிந்த பிறகு நான்தான் அண்ணனிடம் சொன்னேன். சொந்தப் பிள்ளையின் கையில் சோற்றைக் கொடுத்துவிட்டு அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தாளே, அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பகீரென்கிறது. எனக்கும் ஒரு மகன் பிறந்த பிறகு, அந்த ஓரடியை என்னால் எடுத்துவைக்க முடியாது என்பது நன்றாகவே தெரிந்துவிட்டது.