பத்து நடைக்கு ஒரு தடவை

2005 கோடையில் ஒரு நாள், அஞ்சலையைக் கைத்தாங்கலாக நான் நர்ஸாக இருந்த துணை சுகாதார நிலையத்துக்குக் கூட்டி வந்தார்கள். மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமக்கிறவள். தலைச்சுமையோடு மயங்கி விழுந்திருக்கிறாள். உதடு வெடித்திருந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசலைப் புகட்டும்போதே எனக்குப் புரிந்துவிட்டது, இது நான் செய்த வேலை.

பத்து நாள் முன்பு வந்து, முந்தானையை முறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணுக்கு அடிக்கடி முட்டுதும்மா. மோட்டார் கொட்டாய் மறைவுக்கு ஓடறதுக்குள்ள பொடவ நனைஞ்சிடுது. இன்னொருவாட்டி பாதி வேலையில ஓடுனா வேற ஆளப் போட்டுக்கறேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு."

புருஷன் இல்லாத வீடு. அந்த வேலை போனால் சோறு இல்லை. யூரின் டெஸ்டில் இன்ஃபெக்‌ஷனும் இல்லை, சுகரும் இல்லை. அன்று தடுப்பூசிக் கூட்டம் வேறு. "தண்ணியக் கொறச்சிக்கோ, போ" என்று அனுப்பிவிட்டேன்.

மயக்கம் தெளிந்ததும் கேட்டேன். "எவ்ளோ தண்ணி குடிச்சிக்கினு இருந்த?"

"காலையில ஒரு சொம்பு, வூட்டுக்குப் போயி ஒரு சொம்பு. நீங்க சொன்னீங்கன்னு காலை சொம்ப உட்டுட்டேன்."

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் உறுத்தும். படித்ததுதான். என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

டாக்டரம்மாவைக் கேட்டு முறையாக ஆரம்பித்தேன். மாத்திரை கிடையாது. தண்ணீரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும், டீ ஒரு வேளைதான். முட்டும்போது ஓடக் கூடாது. நின்று, காற்றை அடக்குகிற மாதிரி அடித்தசையை இறுக்கி இறுக்கி விட்டு, தணிந்தபின் நடந்து போக வேண்டும். போகிற இடைவெளியை வாராவாரம் கால் மணி கூட்ட வேண்டும். மணி போட்ட சார்ட்டை நீட்டினேன்.

"கடியாரத்துக்கு நான் எங்கம்மா போவேன்?" என்றாள். கொஞ்சம் யோசித்து, "பாத்தியிலேருந்து உப்பு அம்பாரத்துக்குக் கூடையோட பத்து நடை போட்டா ஒரு மணி நேரம் ஆவும். நடைய எண்ணிக்கட்டா?"

பத்து நடைக்கு ஒரு தடவை என்று தொடங்கினோம். வாரம் இரண்டு நடை கூட்டினோம். மேஸ்திரியிடம் நானே போய்ப் பேசினேன்.

"கூடையோட நடுவுல நின்னுடுதும்மா இது" என்றார்.

"நிக்கட்டும்பா. ஓடல இல்ல?"

சிரித்துவிட்டார். வேலை தப்பியது.

இருபத்துநான்கு நடைக்கு வந்த வாரம், கூட வேலை செய்கிற மூன்று பெண்களை அழைத்து வந்தாள். அவர்களுக்கும் அதே தொல்லை. நான் நோட்டைப் பிரித்து வாயைத் திறந்தேன்.

"இருங்கம்மா" என்றாள் அஞ்சலை. "எவ்ளோ தண்ணி குடிக்கிறாங்கன்னு மொதல்ல கேளுங்க."

கேட்டேன். சர்வீஸ் முடியும்வரை அதைத்தான் முதலில் கேட்டேன்.