கறிக்கடைக்காரர் மகள் வளர்க்கும் கறி

சங்கரன்கோவிலில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருப்பவர் நாகூர் மீரான். அவர் மகள் சபூரா சின்ன வயதில் அறுக்கப்போகும் ஆடுகளுக்குப் பெயர் வைத்துவிட்டு அழுவாள். இப்போது பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், ஆட்டை அறுக்காமல் அதன் செல்லிலிருந்தே கறி வளர்க்கிறாள்.

செல்களுக்கு ஊட்டும் சத்து நீர்தான் விலையை ஏற்றுகிறது. அதை மலிவாக்க, கடலைப் புண்ணாக்கிலிருந்து சத்தைப் பிரித்து ஊட்டிப் பார்த்தாள். இரண்டு வருடமாகச் செல்கள் செத்துக்கொண்டே இருந்தன. கூட இருந்தவர்கள் சலித்துப்போய் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். சபூரா விடவில்லை. ஒருவழியாகப் போன மாதம் செல்கள் பிழைத்து வளர்ந்தன.

பெருநாளுக்கு ஊருக்கு வந்தவளிடம் வாப்பா கேட்டார்: "அப்போ என் கடைய மூடிரலாமா மக்கா?"

"இப்பம் முடியாது வாப்பா. செலவு பாதியாக் குறைஞ்சிருக்கு. அப்பவும் நம்ம கறியவிடப் பல மடங்கு விலை. எல்லாரும் வாங்குத விலைக்கு வருமான்னு எனக்கே தெரியல."

"பெறகு எதுக்கு இம்புட்டு மல்லுக்கட்டுதே?"

"பாதி குறைஞ்சது இன்னுங் கொஞ்சம் குறையாதான்னு பாக்கத்தான்."

அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நாகூர் மீரான் பெருமையாகச் சொன்னார்: "எம்மவ என் யாவாரத்துக்கே போட்டியா வாரா வே. லேசுப்பட்டவ இல்ல."