மேற்படி நபர்

என் அக்கா ஒரு வக்கீல் ஆபீஸில் இருபத்தெட்டு வருடமாக டைப்பிஸ்ட். யார் யாரோ வீட்டுப் பாகப்பிரிவினை, யார் யாரோ உயில், எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் கோர்ட் வாசலை மிதித்திருக்கின்றன. அப்படிப்பட்டவளுக்குச் சொந்தமாக ஒரு பக்கம் எழுத மூன்று மாதம் பிடித்தது. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை என்று நான் கேலி செய்தேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆரம்பித்து வைத்தவள் அவள் மகள். கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சாப்பிட்டியா, தூங்கினியா எல்லாம் முடிந்த பிறகு திடீரென்று கேட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அப்பா என்னைத் தூக்கியிருக்காரா?"

மாமா போய் இருபத்தாறு வருடம் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. இரண்டு பேரும் சேர்ந்திருக்கும் போட்டோ ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதில் குழந்தை அக்கா இடுப்பில் இருக்கிறது. மாமா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, வழி கேட்க வந்தவர் மாதிரி அரை அடி தள்ளி நிற்கிறார்.

"தூக்காம என்ன? தூக்குவாரு" என்றாள் அக்கா.

"எல்லா அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்க. சும்மா சமாதானம் சொல்லாதம்மா. அவர் எப்படி வருவாரு, எங்க உட்காருவாரு, என்னைப் பார்த்தா என்ன பண்ணுவாரு, எல்லாம் சொல்லு. இது பிறக்கறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்."

அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். "எழுதி அனுப்பறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் மாமாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவள் மனசு நோகுமே என்று நாங்கள் பேசவில்லை. எங்கள் மனசு நோகுமே என்று அவள் பேசவில்லை. இப்படி ஒருத்தருக்கொருத்தர் நல்லவர்களாக இருந்தே அந்த மனுஷனைத் தொலைத்துவிட்டோம்.

தினம் ஒரு பக்கம் என்று அக்கா கணக்குப் போட்டாள். எந்த நேரத்தில் என்பதுதான் பிரச்சினை. எழுதுகிறவர்கள் எல்லாம் விடியற்காலையில்தான் எழுதுவார்கள் என்று யாரோ ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஐந்து மணிக்கு அலாரம் வைத்தாள். மாடியில் அவள் அலாரம் அடித்தால் கீழ்வீட்டில் நான் எழுந்திருப்பேன். ஆறு மணிக்கு மேலே போய்ப் பார்த்தால் மேஜைமேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். பேனா மட்டும் ஒரு கோடு இழுத்துக்கொண்டு பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

"நீ எழுந்திருக்கிறதுக்கு நான் ஏன் எழுந்திருக்கணும்?" என்று ஒரு வாரத்தில் சண்டை போட்டு அலாரத்தைக் கீழே கொண்டுவந்துவிட்டேன்.

அடுத்து ஆபீஸில், மதிய இடைவேளை. அவள் முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் கமா வக்கீல். "எனது கட்சிக்காரர் கமா மேற்படி சொத்தில் கமா" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் தண்ணீர் கேட்டாலும் கமா போட்டுத்தான் கேட்பார். அவர் சாப்பிடப் போகும் அரைமணி நேரத்தில் அக்கா கம்ப்யூட்டரில் அடிக்க ஆரம்பித்தாள். விரல் பறந்தது. மூன்றே நாளில் ஒரு முழுப் பக்கம் தயார். திருப்பிக்கூடப் படிக்காமல் மகளுக்கு அனுப்பிவிட்டாள்.

அந்த ஞாயிறு மகள் போனிலேயே படித்துக் காட்டினாள். "மேற்படி நபர் தையல் மெஷின் பழுதுபார்க்கும் தொழில் செய்து, நாளது வரை பிறர் தூண்டுதல் ஏதுமின்றி, முழு மனச்சம்மதத்துடன் என்னுடன் வசித்து வந்தார். மேற்படி நபருக்கு என் மூலம் ஒரே பெண் குழந்தை." படித்துவிட்டு, "அம்மா, இவர் எனக்கு அப்பாவா, இல்ல எதிர்க்கட்சிக்காரரா?" என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மகளும் சிரித்தாள். அக்காவும் சிரித்துக்கொண்டே எழுந்து உள்ளே போனாள், வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள்.

"அவரைப் பத்தி எழுத எங்கிட்ட வேற வார்த்தையே இல்ல டீ. எல்லாத்தையும் அந்த ஆபீஸ் தின்னுடுச்சு" என்றாள்.

பிறகு பஸ்ஸில் எழுதிப் பார்த்தாள். எழுத்தெல்லாம் குலுங்கி, தானே படிக்க முடியாமல் போனது. ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். என் வீட்டுக்காரர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "எந்த அளவுக்கு வந்திருக்கு அண்ணி?" என்று கேட்டே விரட்டிவிட்டார். மகளுக்கு ஏழு மாதம் முடிந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டால்கூடத் தேவலாம் என்று அக்கா மருகினாள்.

அந்தச் சமயத்தில்தான் வக்கீல் ஆபீஸில் கூரைக்குமேல் தண்ணீர்க் குழாய் வெடித்தது. கட்டுக் கட்டாக வழக்குக் காகிதம் நனைந்து, பழுதுபார்க்க வந்தவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைப் பூட்ட ஆரம்பித்தார்கள். ஒரு வாரத்துக்கு அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

அக்கா ஏழரைக்கு முன்னால் வீடு திரும்பி நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த அவள் மகளுக்கு டீ போட்டுக் கொடுத்தது முதல் பாடம் சொன்னது வரை நான்தான். வேலைப்பளு, பாவம் என்று நினைத்திருந்தேன். ஒருமுறை கமா வக்கீலைத் தெருவில் பார்த்தபோது நேராகவே கேட்டேன். "நான் ஐந்துக்கே போகச் சொல்றேன்மா, உங்க அக்காதான் இன்னும் ஏதாவது இருக்கா இருக்கான்னு கேட்டு வாங்கி உட்கார்ந்துக்கறாங்க" என்றார். பெரிய மனுஷன் பொய் சொல்கிறார் என்று அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

முதல் நாள் ஐந்தரைக்கு வந்தவள் மாடிக்குப் போகவில்லை. கைப்பையோடு படிக்கட்டிலேயே நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னக்கா, தலை சுத்துதா?"

"அவர் ஐந்தேமுக்காலுக்கு வருவாரு" என்றாள். "வேலை நாள்ல இந்த நேரத்துக்கு நான் வீட்ல இருந்ததே இல்ல டீ, அவர் போனதுக்கப்புறம். சைக்கிளை ஸ்டாண்ட் போடற சத்தம் கேட்டுடுமோன்னு பயம். கேட்காதுன்னும் பயம்."

இத்தனை வருடமும் கீழேயே இருந்திருக்கிறேன். குழந்தைக்குப் பால் காய்ச்சத் தெரிந்த எனக்கு இதைக் கேட்கத் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போய் ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார வைத்தேன். மேஜையில் பழைய நோட்டு கிடந்தது. அதை நான் எடுத்துக் கொடுக்கவில்லை, அவளே இழுத்துக்கொண்டாள். சத்தம் போடாமல் கீழே வந்துவிட்டேன்.

அன்றைக்கு "அவர் வந்தார்" என்று இரண்டே வார்த்தை. மறுநாள் ஐந்து வரி. ஐந்தாம் நாள் ஒரு பக்கம். நோட்டை என்னிடம் நீட்டி, "இதுல மேற்படி எங்கயாவது இருக்கா பாரு" என்றாள். இல்லை. இப்படி இருந்தது:

"அவர் வந்தார். சைக்கிளை நிறுத்தினார். சத்தம் கேட்டு நீ வாசலுக்கு ஓடினாய். அவர் கை முழுக்க மெஷின் எண்ணெய். உன் சட்டையில் கறை படிந்தால் போகாது என்று நான் கத்துவேன். கத்தினால் கேட்பார், ஆனால் உன்னைத் தூக்காமல் இருக்க அவரால் முடியாது. அதனால் இரண்டு கையையும் விரித்துத் தூரமாக வைத்துக்கொண்டு, முழங்கையால் உன்னை இடுக்கித் தூக்குவார். நீ நழுவுவாய், சிரிப்பாய். பிறகுதான் கை கழுவப் போவார். நகக்கண் வரைக்கும் சோப்புத்தூள் போட்டுத் தேய்ப்பார். அதற்குள் நீ அழ ஆரம்பித்துவிடுவாய். 'வந்துட்டேன், வந்துட்டேன்' என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். கை துடைத்ததும் மறுபடி தூக்குவார். உன்னை அவர் தினம் இரண்டு தடவை தூக்கினார். போட்டோ எடுத்த அன்றைக்கும் வேலையிலிருந்து நேராக வந்தவர்தான், அதனால்தான் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். நான்தான் அப்படி நிற்கச் சொன்னேன்."

பக்கத்தைப் போட்டோ பிடித்து நானே அனுப்பினேன். அக்கா மூன்று தடவை முயன்று அவள் விரலைத்தான் படம் எடுத்திருந்தாள்.

மகள் ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. அரைமணி நேரத்தில் கூப்பிட்டாள். "நான் வேற மாதிரி நினைச்சிட்டிருந்தேன்மா" என்றாள். "அவருக்கு என்னைப் பிடிக்கலையோன்னு. இத்தனை வருஷம்." இந்தப் பக்கம் இரண்டு கிழவிகள் உட்கார்ந்து அழுதோம்.

குழாய் சரியாகி, கூரை பூசி, ஆபீஸ் பழையபடி ஏழு மணி வரை திறந்திருக்க ஆரம்பித்தது. பேத்தியும் பிறந்துவிட்டாள். கேட்டவளுக்குப் பதில் போய்ச் சேர்ந்தாயிற்று, இனிமேல் அக்கா எப்போதும்போல் ஏழரைக்குத்தான் வருவாள் என்று நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. கமா வக்கீலே என்னைப் பார்த்து, "உங்க அக்கா அஞ்சு அடிச்சா நாற்காலியில இருக்கறதில்ல கமா, என்ன விஷயம்?" என்று விசாரித்தார்.

நேற்று ஐந்தேமுக்காலுக்கு மேல் ஏதோ கேட்பதற்காக மாடி ஏறினேன். கதவு திறந்திருந்தது. அக்கா ஜன்னல் பக்கம் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டாவது நோட்டு.

"இன்னும் யாருக்கு எழுதற? அவளுக்குத்தான் எல்லாம் எழுதியாச்சே" என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை. பேனாவை நிறுத்தாமல், இடது கையை மட்டும் தூக்கி என்னை வாசலிலேயே நிறுத்தினாள்.

"கொஞ்சம் இரு. கை கழுவிட்டிருக்காரு."

நான் இருந்தேன்.