குதிரை படுக்கும் உயரத்தில்

கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுவதுதான் என் அண்ணனுக்குத் தொழில். வைத்திருப்பது ஒரே ஒரு வெள்ளைக் குதிரை. ராஜபாளையத்தில் அதன்மேல் ஏறி போட்டோ எடுத்துக்கொண்ட மாப்பிள்ளைகள் ஏராளம். வீட்டுக்குப் பின்னால், அடுப்படிச் சுவரை ஒட்டினாற்போல் அதன் லாயம். சாரல் அடிக்கிறது என்று அதன் ஜன்னலைத் தகரம் வைத்து அடைத்திருந்தான் அண்ணன். நான் மாடியில் குடியிருந்துகொண்டு, பேண்டேஜ் துணி கம்பெனிக்கு வேலைக்குப் போய் வந்தேன்.

அந்த ஐப்பசியில் மழை விடவேயில்லை. லாயத்தில் விரித்த வைக்கோல் காயாமல் கிடந்து, மூத்திர நெடி அடுப்படி வரைக்கும் வந்தது. மதினி தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள். அந்தத் தண்ணீரும் போக வழியில்லாமல் தரைப் பள்ளத்திலேயே தேங்கும். குதிரை இருக்கிற வீடு அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் பழகிப்போயிருந்தோம்.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே, பின்னால் கதவை உதைக்கும் சத்தம் கேட்டது. காதடியில் வேட்டுப் போட்டாலும் அசையாத குதிரை அது. ஓடினேன். துவைக்கிற கல்லில் மதினி உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இருமினாள்.

"கிட்ட போகாதட்டி. கண்ணு எரியுது."

"என்ன மதினி செஞ்சீங்க?"

"பிளீச்சிங் பவுடர்தான் போட்டேன். நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து என் தங்கச்சி வீட்டு ஆளுக வாராக. நாத்தம் வெளிய வரக்கூடாதுன்னு கதவைச் சாத்துனேன். செத்த நேரத்துல உதைக்க ஆரம்பிச்சிருச்சு. தொறக்கப் போனேன், மூச்சு முட்டிருச்சு."

துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தேன். குதிரை என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. கண்களிலிருந்து நீர் ஒழுகியது. வாயைத் திறந்தபடி, விலா எலும்பு ஏறி இறங்க நின்றது. ஒரே மூச்சுதான் உள்ளே இழுத்திருப்பேன். மிளகாயை அரைத்துத் தொண்டையில் அப்பினதுபோல் இருந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். மதினியை ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் கால்நடை டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

"யாரும் உள்ள போகாதீங்க. கதவு தொறந்தே கிடக்கட்டும். பிளீச்சிங் பவுடரும் மூத்திரமும் சேர்ந்தா விஷப்புகை வரும்மா. குதிரையைக் காத்தாட நிறுத்துங்க, நான் வாரேன்" என்றார்.

விஷம் என்ற சொல் என் காதிலேயே நின்றது. கக்கூஸ் கழுவ ஊர் முழுக்க வாங்குகிற பொடி அது. எங்கள் வீட்டில் உப்பு, புளிக்குப் பக்கத்து அலமாரியில் இருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து மதினி திரும்பி வந்தபோது டாக்டரம்மா குதிரைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மதினி தன் உள்ளங்கையையே பார்த்தாள். "அதுக்கு நானே வெஷம் வச்சிட்டேனா?" என்றாள். விருந்தாட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

புகை முழுக்கப் போன பிறகு, மறுநாள் லாயத்தைப் பார்க்க டாக்டரம்மா மறுபடி வந்தார். பொடியைத் தண்ணீர் விட்டு அலசித் தள்ளியாகியிருந்தது. ஆனாலும் மூலையில் பழைய ஈரம் அப்படியே இருந்தது. அண்ணனைப் பார்த்து, "இப்ப நாத்தம் இருக்கா?" என்று கேட்டார்.

"லேசா இருக்கு. எப்பவும் உள்ளதுதான்."

"குதிரை படுக்கிற இடத்துல உக்காருங்க. அது மூக்கு இருக்கிற உயரத்துக்குக் குனிங்க."

அண்ணன் உட்கார்ந்து குனிந்தான். சட்டென்று தலையை இழுத்துக்கொண்டான். கண் சிவந்து நீர் கட்டிவிட்டது. நம்ப முடியாமல் நானும் குனிந்து பார்த்தேன். நேற்றைய புகை இல்லை. ஆனாலும் மூக்கு எரிந்தது. நின்றால் லேசான வாடை, குனிந்தால் இந்த எரிச்சல். நாங்கள் நின்றுகொண்டே முகம் சுளித்த காலமெல்லாம், அது இதில் தலையை வைத்துத் தூங்கியிருக்கிறது.

"இத்தனை நாளும் இதையா மோந்துச்சு?" என்றான் அண்ணன்.

"நாத்தத்தை அமுக்க மருந்து தேடாதீங்க. ஈரத்தை எடுங்க, காத்தை விடுங்க. அம்புட்டுதான்" என்றார் டாக்டரம்மா.

அண்ணன் அன்றே ஜன்னல் தகரத்தைப் பிடுங்கினான். தரையைக் கொத்தி, வாசல் பக்கம் சரிவு வைத்து, மூத்திரம் வழிந்து வெளியே போக வாய்க்கால் விட்டான். நனைந்த வைக்கோலைக் காலையும் மாலையும் அள்ளிவிட்டு, காய்ந்த மரத்தூளைக் கனமாகப் பரப்பினோம். நெடி அடுப்படிக்கு வருவது நின்றுபோனது.

மதினியின் இருமல் சீக்கிரம் நின்றது. குதிரைக்கு நிற்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்கெல்லாம் அண்ணன் வேறு ஆளைக் கைகாட்டிவிட்டான். தை பிறந்துதான் அது ஊர்வலத்துக்குப் போனது. இன்றும் வேகமாக நடத்தினால் இரண்டு தடவை இருமும். மதினி காலையில் லாயத்துக்குள் போய்க் குந்தி உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்ப்பாள். அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.