கூனல் சால்மனும் லுத்மிலாவின் ஓட்டும்

வட நார்வேயின் ஸ்கார் நதி தன்னை நதி என்று சொல்லிக்கொள்வதே துணிச்சல்தான். பனித்திட்டுகளுக்குக் கீழே ஓர் ஏரியில் பிறந்து, குட்டை பிர்ச் மரங்களுக்குள் புகுந்து, நடுவே ஓர் அருவியில் விழுந்து எழுந்து, காப்பி ஆறுவதற்குள் கடலில் போய்ச் சேர்ந்துவிடும். ஆனாலும் அந்தஸ்துக்குக் குறைச்சலில்லை. அருவிக்கு மேலே, ஏரியை விட்டு அசையாத செவ்வயிற்று மீன்கள் பழங்குடிகள். கடலுக்குப் போய்த் திரும்பும் டிரவுட் மீன்கள் நடுத்தர வர்க்கம். கீழே கூழாங்கல் படுகையில் முட்டையிடும் சால்மன் பிரபு. ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் ரஷ்யப் பக்கத்திலிருந்து முதுகில் கூனோடு கூட்டமாக வரும் கூனல் சால்மனை மட்டும் யாரும் அழைக்கவில்லை.

லுத்மிலாவும் ரஷ்யப் பக்கம்தான். கூட்டமாக அல்ல, இந்த ஊர் ஒட்முண்டைக் கட்டிக்கொண்டு தனியாக வந்தவள். முப்பது வருடமாகியும் கடையில் அவள் பெயர் ‘ஒட்முண்டோட ரஷ்யாக்காரி’. அவன் செத்ததும் வீடு அவளுக்கு வந்தது. ஆற்றில் தூண்டில் போட அவனுக்கிருந்த உரிமை மட்டும், மீன்பிடிப்பைக் கவனிக்கும் ஆற்றுச் சங்கத்தின் ஓட்டுக்குக் காத்திருந்தது. ஒட்முண்ட் நின்ற பாறையில் நின்று ஒரு மீன் பிடிக்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் சங்கத் தலைவர் ஹில்மார் ஆற்று முகத்துவாரத்தில் கம்பித் தடுப்பு கட்டினார். சிக்கும் மீன்களில் நம்ம சால்மனை மேலே விட வேண்டும். கூனலைக் கட்டையால் மண்டையில் போட வேண்டும்.

“நீயே செய், லுத்மிலா. உனக்குத்தான் அதுங்க முகஜாடை தெரியும்,” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஓட்டு வேண்டுமே.

கோடை முழுக்க இடுப்பளவு குளிர்நீரில் நின்று மண்டையில் போட்டாள். வீசச் சொன்ன மீன்களின் சினையை உப்பிட்டு ஜாடிகளில் நிரப்பி, ஆகஸ்ட் கடைசியில் சங்கக் கூட்டத்துக்கு எடுத்துப்போனாள்.

“இதையா நாய்க்குப் போட்டோம்!” என்று பக்கத்து வீட்டு கெர்ட் இன்னொரு ரொட்டியில் அள்ளிப் பூசினாள்.

ஜாடிகள் காலியான பிறகு ஹில்மார் விரலை நக்கிக்கொண்டே எழுந்தார். “லுத்மிலாவுக்கு ஒரு கைதட்டு!” தட்டினார்கள். “தூண்டில் விஷயம்... ஆறு சின்னது. ரெண்டு வருஷம் கழிச்சுப் பாப்போம்.”

“அதென்ன ரெண்டு வருஷம்?”

“அப்பதானே கூனல் மறுபடி வரும். நீ இல்லாம முடியுமா?”

காலி ஜாடிகளோடு ஆற்றுவழியே திரும்பினாள். தடுப்பில் இரண்டு கூனல்கள், ஆணும் பெண்ணும். கட்டையை ஓங்கினாள். அப்படியே இறக்கி வைத்தாள். இரண்டையும் வலையில் அள்ளித் தடுப்புக்கு மேல்பக்கம் விட்டாள்.

“போங்க. நல்ல இடமாப் பாத்து உக்காருங்க,” என்றாள் ரஷ்ய மொழியில். “ரெண்டு வருஷம் கழிச்சுக் குடும்பத்தோட வாங்க.”