உபவாசம் என்று சொன்ன பொய்

விசுவாசிகளின் வீடுகளில் ஜெபித்து அவர்களைப் பலப்படுத்துவதற்காக, எங்கள் சேலம் சபை சார்பில் பள்ளிபாளையம் போயிருந்தேன். தறி ஓட்டும் ஒரு தம்பதி மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். ஒரே அறை வீடு. வாசலை ஒட்டிச் சாக்கடை ஓடியது. அங்கே சாப்பிட எனக்கு மனம் வரவில்லை. "இன்னைக்கு நான் உபவாசம்ங்க" என்று பொய் சொன்னேன்.

அந்த அம்மா கோழிக்குழம்புச் சட்டியை மூடி வைத்தார்.

"நீங்க பட்டினியா இருக்கறப்ப நாங்க எப்படிங்க சாப்பிடறது, பிரதர்? நாங்களும் உங்ககூட உபவாசம் இருக்கறமுங்க."

காலையிலிருந்து தறியில் நின்றுவிட்டு வந்திருந்த அவர் கணவரும் சம்மதித்து, ஜெபிக்க முழங்காலிட்டார்.

என்னால் முழங்காலிட முடியவில்லை. "நான் சொன்னது பொய்ங்க. இங்க சாப்பிட மனசு வராமத்தான் அப்படிச் சொன்னேன்" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் வாடியது. பிறகு அவர் எழுந்து, ஒரு தட்டைக் கழுவி என் முன்னால் வைத்தார்.

"சோறு ஆறிப்போவுதுங்க. உக்காருங்க, பிரதர்."

சாப்பிடும் முன் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். "நீங்களே ஜெபிங்க" என்றேன். அவர் கணவர்தான் ஜெபித்தார். விசுவாசிகளைப் பலப்படுத்தப் போகிறேன் என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.