சக்கரத்தைக் கழற்றாத ஞாயிறு

தில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கைச் சேர்ந்த கார்களில், ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் காது கொடுத்துக் கேட்காத கார் குறைவு. அரசு வேலையில் முப்பது வருடம் ஜெனரேட்டர் அறைகளில் நின்றவன் நான். ஒரு இயந்திரத்துக்கு எங்கே நோகிறது என்று அதன் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்பது என் நினைப்பு. சாவியைத் திருப்பும்போது டக்டக் என்று மட்டும் வந்தால் பேட்டரி. வேகம் கூடக்கூட அடியிலிருந்து உம்மென்று முனகினால் சக்கரத்து பேரிங். வளைவில் திருப்பும்போது கடகடத்தால் ஆக்சில். மெக்கானிக் ஒன்றுக்கு மூன்றாகச் சொல்வான் என்ற சந்தேகத்தில் சொந்த வண்டியில் ஆரம்பித்த பழக்கம் இது. யாரையும் சட்டென்று நம்புகிற குணம் எனக்குக் கிடையாது. பிறகு பிளாக்கில் இருந்த தமிழர்கள் வந்தார்கள், பக்கத்து பிளாக் பஞ்சாபிக்காரர்களும் வந்தார்கள். சின்ன வேலை என்றால் அங்கேயே செய்து கொடுப்பேன். காசு வாங்கமாட்டேன். அதனால் என்னை எதிர்த்து யாரும் பேசமாட்டார்கள். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, மூன்றாவது மாடி நர்ஸ் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. கணவர் ராணுவத்தில், அப்போது காஷ்மீர் பக்கம் இருந்தார். இங்கே அவளும் ஒன்பது வயது மகளும்தான். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக நாற்பது வயதில் கார் ஓட்டப் பழகியவள். நாங்கள் திருநெல்வேலி என்பதால் என்னை அண்ணாச்சி என்பாள்.

"அண்ணாச்சி, பிரேக் போட்டா ஒரு சத்தம் வருது. மெலிசா, கீச்சுன்னு."

நான் ஓட்டினேன். அவள் பக்கத்தில், மகள் பின்னால். கண்ணாடியை இறக்கிவிட்டு ரிங் ரோட்டில் ஏழெட்டு தடவை பிரேக் போட்டேன்.

"இந்தா, இப்பம் வருதுல்லா," என்றாள்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. பின்னாலிருந்து மகள், "ஆமா அங்கிள், சீட்டி அடிக்கிற மாதிரி. ஃபிர்ஸே, திரும்பவும் வந்துச்சு பாருங்க," என்றாள்.

"அது காத்தும்மா," என்றேன்.

திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னேன். "தில்லிக் குளிர்ல ராத்திரி ஈரத்துக்கு சக்கரத்து டிஸ்க்ல, அந்த இரும்பு வட்டுல, துரு படியும். காலைல நாலு தடவ பிரேக் போட்டா உதிர்ந்திரும். வேற ஒண்ணும் இல்ல. பயப்படாம ஓட்டு."

நான் சொன்னது பொய்யில்லை. அப்படியும் நடக்கும். ஆனால் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழிதான் உண்டு. ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, குனிந்து பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. ஜாக்கி என் காலடியிலேயே கிடந்தது. அன்று குளிர் அதிகம், இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள் என்றெல்லாம் காரணம் சொல்லலாம். உண்மையில், என் காது இல்லை என்று சொன்ன பிறகு சக்கரத்தைக் கழற்றுவது எனக்கு அவமானமாக இருந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவன் நான்.

ஐந்து வாரம் கழித்து, பாராபுல்லா மேம்பாலத்தின் இறக்கத்தில் முன்னால் போன டாக்சியில் அவள் மோதினாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின் சீட்டிலிருந்த மகள் முன் சீட்டில் மோதி, புருவத்துக்கு மேல் ஐந்து தையல். இன்னும் ஒரு விரல் அளவு கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

கணவர் லீவு போட்டு வந்தார். பிரேக்கை அழுத்தினேன், பிடிக்கவில்லை என்று அவள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. "மிதிச்சிருக்க மாட்டா. பதட்டத்துல காலத் தூக்கியிருப்பா," என்று கீழே நின்றவர்களிடம் சொன்னார். நானும் அங்கே நின்றேன். "புதுசா ஓட்டுறவங்களுக்கு அப்படி ஆகும்," என்று சொல்லித் தலையையும் ஆட்டினேன். வண்டியை விற்பது என்று முடிவானது. அவள் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். பிளாக்கில் அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாரும், இனிமேல் வண்டி பக்கம் போகாதே என்று ஆளுக்கு ஒரு புத்தி சொன்னார்கள். அவளும் பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

"வாங்குற ஆள் புதன்கிழமை வரான். அதுக்கு முன்னால ஒரு தடவ பாத்திருங்க அண்ணாச்சி," என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் சாவியைத் தந்தார்.

இந்த முறை சக்கரத்தைக் கழற்றினேன். பேட்டில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பொருள் என்று ஒன்றுமே மிச்சமில்லை. பின்பக்கத்து இரும்புத் தகடு நேராக டிஸ்க்கில் உரசி, அதில் விரலால் தடவினால் தெரியும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. இந்த நிலையில் இறக்கத்தில் யார் மிதித்தாலும் வண்டி உடனே நிற்காது. பேட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் தகடு வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது. பேட் தேயும்போது டிஸ்க்கைத் தொட்டுக் கத்துவதற்கென்றே அதை வைத்திருக்கிறார்கள், ஓட்டுகிறவருக்கு எச்சரிக்கையாக. அதன் நுனி மழுங்கி வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. அது அப்படித் தேய எத்தனை நாள் கத்தியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

ஜனவரியில் அந்த ஞாயிறு அது இன்னும் கத்த ஆரம்பித்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மனைவியிடமும் அப்படியே சொன்னேன்.

"அன்னைக்கே கத்துச்சு," என்றாள் அவள். "நான் பால்கனியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன். நீங்க வண்டியத் திருப்பி நிறுத்தும்போது காது கூசுற மாதிரி கீச்சுன்னு வந்துது. நீங்க பாத்துக்கிடுவீங்கன்னு இருந்துட்டேன்."

பிறகு உள்ளே போய் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை எடுத்து வந்து, தன் அக்குளில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப பீப் அடிக்குது, கேக்குதா?" என்றாள். எனக்குக் கேட்கவில்லை. என் காதருகே கொண்டுவந்து பிடித்தாள். அப்போதும் கேட்கவில்லை. இதற்கு முன் இதே மாதிரி இரண்டு தெர்மாமீட்டர்களை, பீப் வரவில்லை, பழுது என்று நான் குப்பையில் போட்டிருந்தேன். கொஞ்ச காலமாக எந்த வண்டியிலும் ஃபேன் பெல்ட் கிறீச்சிட்டு நான் கேட்டதில்லை. வண்டிகளெல்லாம் முன்னைப்போல இல்லை, இப்போது நன்றாகச் செய்கிறார்கள் என்று பெருமையாகப் பேசியும் இருக்கிறேன். என் காது கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. கனத்த சத்தங்கள் எல்லாம் கேட்கும். மெல்லிய, கூர்மையான சத்தங்கள் போய்விட்டன. எனக்குக் காதைப் பழக்கித் தந்த அந்த ஜெனரேட்டர் அறைகளே அதைத் தின்றும் விட்டன என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

திங்கட்கிழமை போகவில்லை. செவ்வாயும் சாயங்காலம் வரை போகவில்லை. வண்டி விற்றுப் போய்விட்டால் விஷயம் அதோடு முடிந்துவிடும் என்று மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அவளுக்கு அது அதோடு முடியாது. பயத்தில் பிரேக்கை மிதிக்க மறந்து பெற்ற பிள்ளையின் கண்ணைப் போக்கப் பார்த்தவள் என்ற பெயரோடு அவள் எத்தனை காலமும் இருக்க வேண்டும். விளக்கு வைக்கும் நேரத்தில், தேய்ந்த பேட்டை ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

கணவர்தான் கதவைத் திறந்தார். அவள் சாப்பாட்டு மேஜையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் பேட்டை மேஜையில் வைத்தேன்.

"உங்க வீட்டுக்காரி மேல தப்பில்ல," என்று அவரிடம் சொன்னேன். "மிதிச்சிருக்கா. பிரேக்ல பிடிக்க ஒண்ணுமே இல்ல. சத்தம் வருதுன்னு அன்னைக்கே என்கிட்ட வந்து சொன்னா. எனக்குக் காது சரியில்ல, அது எனக்கே தெரியல. கழட்டிப் பாக்காம ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன்."

அவர் பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "யானைக்கும் அடி சறுக்கும். விடுங்க அண்ணாச்சி," என்றார். என்னிடம் அப்படிச் சொன்னவர், மனைவி பக்கம் திரும்பி, "கடைசி நேரத்துலயும் சத்தம் வந்திருக்குமே? நீ கவனிக்கலியா?" என்றார்.

"வந்திச்சு," என்றாள் அவள். "கடைசி நாலஞ்சு நாள் கரகரன்னு வந்திச்சு. துருதான், உதிர்ந்திரும்னு அண்ணாச்சி சொல்லியிருக்காவளேன்னு ஓட்டுனேன்."

கீரையைத் தள்ளி வைத்தாள். என்னைப் பார்த்துத்தான் மேற்கொண்டு பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"அன்னைக்கு உங்கள விட்டுட்டு மேல வந்த பொறவும் இவ விடல அண்ணாச்சி. சத்தம் வருதும்மா, நெஜமா வருதும்மான்னு சொல்லிட்டே இருந்தா. எனக்குந்தான் கேட்டுச்சு. பெரியவங்க இல்லன்னா இல்லதான், எதிர்த்துப் பேசாதன்னு சொல்லிக் கன்னத்துல அடிச்சிட்டேன்."

அவள் எழுந்து போய் மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மக்களே, நீ சொன்னது சரிதான். வண்டியில சத்தம் வந்திச்சு."

பிள்ளை நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. புருவத்தில் தையல் பிரித்த இடம் இன்னும் சிவந்திருந்தது.

"எனக்குத் தெரியும்மா," என்றாள்.